உருளைக்கிழங்குத் தோலில் எரிந்த அடுப்பு

படித்து முடித்த கையோடு எனக்குக் கிடைத்த வேலை மிக்சர் தொழிற்சாலையில். வேதிப் பொறியியல் பட்டம் வாங்கிய பிள்ளை முறுக்குப் பிழிகிறான் என்று சனம் கதைக்கும் என்பதால், அம்மா ரொறன்ரோவில் இருக்கும் சித்தியிடம் நான் 'உணவுத் தொழில்நுட்பத்தில்' இருப்பதாகச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வெட்கம் எல்லாம் கிடையாது. பெரிய கொம்பனிகள் "நாங்களே தொலைபேசி எடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அதை மறந்துபோன காலத்தில், தொழிற்சாலை முதலாளியான மிக்சர் அண்ணை மட்டும்தான் முதல் நாளே சாவியைக் கையில் தந்தவர். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. பெற்றோல் விலை ஏறிக்கொண்டே போக, மெற்றோ ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரர்கூட பூமி சூடாவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். எனக்கென்றே செய்த காலம்.

தொழிற்சாலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதிக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளம். பின்னால் ஒரு ட்ரக் திரும்பக்கூடிய அளவுக்கு முற்றம். மொன்றியலிலும் பக்கத்து லவாலிலும் இருக்கும் தமிழ்க் கடைகளுக்கு மிக்சர், முறுக்கு, உறைப்புப் போட்ட உருளைக்கிழங்குச் சீவல், மரவள்ளிச் சீவல் எல்லாம் இங்கிருந்துதான் போகும். அண்ணை மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறாதவர். பொரிக்கும் பகுதி முழுவதும் மட்டக்களப்பு அக்கா ஒருவரின் ஆட்சி. அங்கே அண்ணைக்கே குரல் தாழ்ந்துதான் வரும்.

எனக்குக் கண்ணில் பட்டது மிக்சர் இல்லை, குப்பை. கிழங்குத் தோல், மரவள்ளித் தோல், கருகிய பூந்தி, உடைந்த முறுக்கு. முற்றத்தில் மூன்று பெரிய இரும்புத் தொட்டிகள். குப்பை ட்ரக் வந்து அவற்றைக் கவிழ்த்துக்கொண்டு போய் நகரத்துக்கு வெளியே புதைக்கும். புதைத்த இடத்தில் அது அழுகி வாயுவாகி வானத்துக்குப் போகும். அதே நேரம் நாங்கள் உள்ளே கிழங்கு அவிப்பதற்குக் காசு கொடுத்து வாயு வாங்கி எரிப்போம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? கடைசி வருடச் செயல்திட்டமே கழிவில் இருந்து வாயு எடுப்பதுதானே. காற்றுப் புகாத பெரிய தொட்டி போன்ற தாங்கி ஒன்றில் கழிவைப் போட்டு, எங்கள் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரியக்கூடிய வாயுவை விடும். விசயம் அவ்வளவுதான். அண்ணைக்கு ஒரு மத்தியான இடைவேளையில் முழுதாக விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மணக்குமோ?"

"ஒழுங்கா நடந்தா மணக்காது அண்ணை."

"ஒழுங்கா நடக்காட்டி?"

நான் பேச்சை வாயுக் கணக்குக்குத் திருப்பினேன். ஆனாலும் அவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. தாங்கி வைக்க நான் கேட்ட முற்றத்தின் மேல் வேறொருவருக்கும் கண் இருந்தது. பொரித்துக் கழித்த எண்ணெயைக் கடை கடையாக வாங்கி, டீசல் செய்பவர்களுக்கு விற்கும் சென்னைக்காரர் ஒருவர், தன் பீப்பாக்களை அங்கே அடுக்கி வைக்க மாதா மாதம் வாடகை தருகிறேன் என்று நின்றார். அண்ணை சொன்னார், வருகிற ஈஸ்டர், அதாவது உயிர்த்த ஞாயிறு வரைக்கும் உன் தாங்கி, அதற்குள் அந்த வாடகையை விட மேலாக அது எனக்கு மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரும்புக் கடைக்குப் போகும். சரி என்றேன். எனக்கு அது தோற்கக்கூடிய பந்தயமாகவே தெரியவில்லை.

லொங்குய்ய் என்ற புறநகர் தாண்டி ஒரு பால் பண்ணை. அங்கே பழைய பால் தாங்கி ஒன்று விற்பனைக்கு இருந்தது. துருப்பிடிக்காத எஃகு, சூடு வெளியே போகாதபடி இரட்டைச் சுவர். பண்ணைக்காரர் பேசிய கியூபெக் பிரெஞ்சில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் தோலில் இருந்து நெருப்பு எடுக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு நன்றாகவே விளங்கியது. சிரித்துவிட்டு, தாங்கிக்குள் உயிர் வரவேண்டும் என்று கொஞ்சம் மாட்டுச் சாணக் கரைசலும் தந்தார். வாயு எடுத்த பிறகு மிஞ்சும் குழம்பைத் தன் சாணக் கிடங்கில் கொண்டுவந்து ஊற்றலாம், வயலுக்கு நல்ல பசளை என்றார். வாயுக் குழாய்களை உரிமம் உள்ள ஆளைக்கொண்டு பொருத்தினோம். சேமிக்க ஒரு பெரிய ரப்பர்ப் பை. கோடை முடியும் நேரம், கிழங்கு அவிக்கும் அண்டாவுக்குக் கீழே எங்கள் சொந்த வாயு நீல நிறத்தில் எரிந்தது. மட்டக்களப்பு அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்காடா மனே இவ்வளவு படிச்ச?" என்றார். அவர் வாயில் அது பாராட்டு.

நான் அதோடு நிற்கவில்லை. பருப்பு ஊறும் இடத்திலும் தோல் சீவும் இடத்திலும் தரையில் ஓடும் தண்ணீர் முழுக்க மாவு. அதை ஏன் வீணாக விட வேண்டும் என்று அந்த வடிகால் குழாயையும் தாங்கிக்குத் திருப்பிவிட்டேன். வாயு இன்னும் கூடியது. அந்த வாரங்களில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் அது பெரிய நாள். வாசலில் எப்போதும் இருக்கும் மாதா படத்துக்குக் கீழே சரஸ்வதி படம் வரும். அண்ணையே மெழுகுதிரியும் ஏற்றி ஊதுபத்தியும் கொளுத்துவார். அன்று ஒரு இயந்திரமும் ஓடாது. முறுக்கு உரல், தராசு, அகப்பை, பொதி ஒட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அதற்கு முதல் நாள் கழுவல். அக்காவின் கட்டளைப்படி கூரை தொடக்கம் தரை வரை. இந்த ஊரில் வெளுப்புத் தண்ணீருக்கு எல்லோரும் சொல்லும் பெயர் ஜாவெல். டெபனர் என்ற மூலைக்கடையில் பால் வாங்கப் போனாலும் பக்கத்தில் ஜாவெல் போத்தல் இருக்கும். சாதாரண நாளில் சுடுதண்ணீரோடு நிறுத்துகிறவர்கள், அன்று சாமிக்காக ஜாவெலை வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தார்கள். பாட்டும் பகிடியுமாக நானும் காற்சட்டையை மடித்துவிட்டுத் தேய்த்தேன். மினுங்கியது தரை. அடுத்த நாள் அக்கா முற்றத்துக்கு வந்து, தாங்கியையும் விடக்கூடாது என்று அதன் நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டார். நான் படம்கூட எடுத்தேன்.

பொட்டு வைத்த நேரமே உள்ளே பாதி உயிர் போயிருந்தது. கிருமியைக் கொல்லத்தானே ஜாவெல். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அதற்குத் தெரியாது. கழுவிய தண்ணீர் முழுவதும் நான் திருப்பிவிட்ட அதே குழாய் வழியாகத் தாங்கிக்குள் இறங்கியிருந்தது. அது போதாது என்று, பூசை முடிந்ததும் தீபாவளி ஓடர்கள் குவிந்தன. தோல் இரட்டிப்பானது. அரை உயிரில் கிடந்ததன் வாய்க்குள் அவ்வளவையும் திணித்தோம். நெருப்பு மஞ்சளாகி, பிறகு அணைந்தே போனது. உள்ளே இருந்தது தோசை மா போலப் புளித்துப் பொங்கியது. மணம் என்றால் அப்படி ஒரு மணம். பக்கத்துக் கட்டடத்தில் திரைச்சீலை தைக்கும் கிரேக்கர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, ஏதாவது செத்துப்போயிற்றா என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் எடுத்தது. பொரிக்கும் பகுதியில் போய்ச் சொன்னபோது அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "சாமிக்குச் சுத்தம் பண்ணினது உன்ர பூச்சிக்குப் பாவமாப் போச்சு" என்றார். யார் மேலும் பழி போடுகிற பேச்சு அங்கே வரவில்லை. வாளி தூக்காத கை அந்தக் கட்டடத்தில் இருக்கவில்லையே.

அண்ணை முற்றத்துக்கு வந்து தாங்கியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எண்ணெய்க்காரர் காலையில் தொலைபேசி எடுத்ததாகச் சொன்னார். அடியில் இருக்கும் வால்வைத் திறந்து எல்லாவற்றையும் தெரு வடிகால் கானுக்குள் விட்டால் ஒரு மணித்தியாலத்தில் கதை முடியும், தாங்கியை விற்றுவிடலாம் என்றார். தெருக் கானுக்குள் இதை விட முடியாது என்றேன். இது தண்ணீர் இல்லை, புளித்த கழிவுக் குழம்பு. நகரசபை பிடித்தால் கேட்கும் காசு ஒரு பக்கம், பூமிக்கு நல்லது செய்யத் தொடங்கிவிட்டு, கான் போய்ச் சேரும் ஆற்றைக் கெடுப்பதா என்பது மறுபக்கம். தீனியை நிறுத்தி, சுண்ணாம்பு போட்டு, பண்ணையில் இருந்து புதுச் சாணக் கரைசல் கொண்டுவந்து ஊற்றி, சில வாரம் சூடாக வைத்திருந்தால் திரும்ப உயிர் வரும் என்று சொன்னேன்.

"சூடு எங்கயிருந்து வரும்? மார்கழி வருது."

"வாங்கிற காஸிலதான் அண்ணை. கொஞ்ச நாளைக்கு."

"காஸ் எரிச்சுக் காஸ் எடுக்கப்போறியோ? உனக்கென்ன விசரே?"

கேட்க எனக்கே பைத்தியக்காரக் கதையாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. இந்தத் தோல் குப்பை மேட்டுக்குப் போனாலும் இதே வாயு வரும், ஆனால் எரியாமல் வானத்துக்குப் போகும், புகையை விட அது எத்தனையோ மடங்கு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விரலை நீட்டி நீட்டி விளக்கினேன். அண்ணை முழுவதையும் கேட்டார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை.

"வானத்துக்குப் போறது என்ர பில்லில வராது தம்பி. என்ர பில்லில வாறதைக் குறைச்சுக் காட்டு. பேந்து வானத்தைப் பாப்பம்."

அன்று முழுவதும் அந்த வசனம் என் மண்டைக்குள் சுற்றியது. எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் அவர் சொன்னதில் பிழை இல்லை. பூமிக்கு நல்லது, ஆனால் முதலாளிக்கு நட்டம் என்றால் அந்தத் தாங்கி ஒரு குளிர்காலத்துக்கு மேல் நிற்காது. நின்றால்தான் பூமிக்கும் நல்லது. ஆகவே சூட்டைச் சும்மா எடுக்க வேண்டும்.

சும்மா கிடக்கும் சூடு என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. ஒவ்வொரு வேலை முடிவிலும் பொரித்த எண்ணெயை வடிகட்டுவதற்கு முன் ஆறவிட வேண்டும். அதற்காக அக்காவின் ஆட்கள் பெரிய எண்ணெய்ப் பாத்திரத்தைப் பின்கதவுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து, கதவைத் திறந்துவிட்டு, மின்விசிறியும் போடுவார்கள். அவ்வளவு சூடும் மொன்றியல் குளிருக்குள் போய்ச் சேரும். பக்கத்திலேயே என் தாங்கி குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும். செப்புக் குழாயைச் சுருளாக்கி எண்ணெய்க்குள் இறக்கி, அதில் தண்ணீர் ஓடவிட்டு, அந்தச் சுடுதண்ணீரைத் தாங்கிச் சுவருக்குள் சுற்றவிட்டால் வேலை முடிந்தது.

அக்கா ஒரேயடியாக மறுத்தார். "குழாய் வெடிச்சுக் கொதிக்கிற எண்ணெய்க்குள்ள தண்ணி போனா என்ன நடக்கும்? என்ர பிள்ளையள் பக்கத்தில நிக்குதுகள். ஏலாது மனே."

அது நியாயம். சுருளை எண்ணெய்க்குள் விடாமல் பாத்திரத்துக்கு வெளியே சுற்றினேன். கொஞ்சம் சூடு குறைவாகத்தான் வரும், பரவாயில்லை. அதன் மேல் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, தகரம் அடித்தேன். பாத்திரம் ஒரு விண்வெளிக் கலம் போல வந்தது. எண்ணெயும் முந்தியதை விடச் சீக்கிரம் ஆறியது என்பதால், பொரிப்பவர்கள் வேளைக்கு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு என் மேல் அங்கே ஒரு குறையும் இல்லை. வடிகாலையும் திரும்ப நகரக் குழாய்க்கே மாற்றினேன். மாவுத் தண்ணீர் போனால் போகட்டும், சாமிக்கும் சுத்தம் வேண்டும்தானே.

பண்ணைக்காரர் இரண்டாவது முறையும் சிரித்துக்கொண்டுதான் சாணம் தந்தார். கிறிஸ்மஸ், எங்கள் நத்தார், நெருங்கும்போது மணம் நின்றது. தையில், வெளியே மூக்கு உறைகிற குளிரில், அண்டாவுக்குக் கீழே நெருப்பு திரும்ப நீலமானது. வாங்குகிற வாயு கொஞ்சமும் சேராமல்.

இப்போது நான் வெல்ல வேண்டியதுதானே? இல்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம் தொடங்கியபோது உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தாங்கி தரும் வாயுவால் காசு மிச்சமானது உண்மை, ஆனால் எண்ணெய்க்காரர் தருகிறேன் என்ற வாடகையை அது எட்டவில்லை. குளிர்காலத்தில் அந்தச் சின்னத் தாங்கி அவ்வளவுதான் தரும். பழைய எண்ணெயையும் உள்ளே விட்டால் வாயு எகிறும், கொழுப்பில்தான் நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு எண்ணெய்க்காரர் நல்ல விலை தருகிறார், அதோடு அவரும் அதைக் குப்பையில் போடப்போவதில்லை, டீசலாக்குகிறார். அவர் ஒருமுறை முற்றத்தில் என்னைக் கண்டபோது சொன்னது இதைத்தான்: "ப்ரோ, நீயும் கிரீன், நானும் கிரீன். நம்மளுக்குள்ள எதுக்குப்பா சண்டை?" எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை, ஆனால் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை.

உயிர்த்த ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், முற்றத்துப் பனியை வழித்துக்கொண்டு நின்றேன். குப்பை ட்ரக் வந்தது. முதல் இரும்புத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தது. ஏதோ கொஞ்சம் விழுந்தது. இரண்டாவதைத் தூக்கியது, பனி மட்டும் கொட்டியது. மூன்றாவதும் பனி. சாரதி தலையை வெளியே நீட்டி, நீங்கள் இன்னும் வியாபாரம் செய்கிறீர்களா, இல்லை மூடிவிட்டீர்களா என்று கேட்டான். அவன் பகிடிக்குத்தான் கேட்டான். நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

தோல் முழுவதும் தாங்கிக்குப் போகத் தொடங்கி மாதக்கணக்கு. ஆனால் மூன்று தொட்டிக்கும் ட்ரக் வந்துகொண்டே இருந்தது, நாங்களும் மூன்றுக்கும் காசு கட்டிக்கொண்டே இருந்தோம். ஏனென்றால் குப்பை அள்ளும் கொம்பனிக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் பழக்கம் அது. பிரெஞ்சில் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைத்துவிட்டால் பிறகு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டோம். கேட்கப்போனால் இன்னும் ஏதாவது கட்டணம் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம். என் வீட்டிலேயே பார்க்காத தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு அப்பா வருடக்கணக்காகக் கட்டுகிறார். நானும்தான் நெருப்பைப் பார்த்து மயங்கி, வாயுவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். லாபம் அடுப்பில் இல்லை, அள்ளாமல் விட்ட குப்பையில் இருந்தது.

அன்றே கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்கள் ஒன்றும் போடவில்லை. இரண்டு தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், ட்ரக் வருவதையும் பாதியாகக் குறைக்கிறோம் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அந்த மிச்சத்தையும் வாயு மிச்சத்தையும் கூட்டி அண்ணை முன்னால் வைத்தேன். எண்ணெய்க்காரரின் வாடகையைத் தாண்டி நின்றது.

அண்ணை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். எண்ணெய்க்காரருக்கு என் முன்னாலேயே தொலைபேசி எடுத்தார். எண்ணெய் எப்போதும் போல உங்களுக்குத்தான், முற்றம் இல்லை என்று இரண்டு வசனத்தில் முடித்தார். மறுபக்கத்தில் அந்த ஆள் கொஞ்ச நேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை "சரி, சரி" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

வென்ற வேகத்தில் நான் சும்மா இருப்பேனா? அடுத்த திட்டத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். லவாலில் பழச்சாறு பிழியும் ஒரு இடத்தில் அப்பிள் சக்கை மலை போலக் கிடக்கிறது, எடுத்தால் எங்களுக்கே காசு தருவார்கள், இன்னொரு தாங்கி வாங்கினால் அண்டா மட்டும் இல்லை, முழுப் பொரியலையும் எங்கள் வாயுவில் நடத்தலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அந்தச் சக்கை லவால்ல இருந்து நடந்தே வரும்?"

"ட்ரக்கிலதான் அண்ணை."

"ட்ரக் என்னத்தில ஓடும்? மிஞ்சிற குழம்பை எங்க ஊத்துவாய்? அந்தப் பண்ணைக்காரன்ர கிடங்கு என்ன கடலே?"

ட்ரக் எரிக்கும் டீசல், பாலத்தில் நெரிசல், நிரம்பி வழியும் கிடங்கு, வழிந்தது போய்ச் சேரும் ஆறு என்று எல்லாம் வரிசையாக மனதில் ஓடின. வானத்துக்குப் போவது தன் பில்லில் வராது என்ற மனிதர், இப்போது என் பில்லை எனக்கே நீட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் பதில் ஒன்று இருக்கத்தான் செய்தது. காசு வருமே என்பதுதான் அது. அதைச் சொன்னால் நானும் பில்லை மட்டும் பார்க்கிறவன் ஆகிவிடுவேன்.

"எங்கட தோலுக்கு ஒரு தாங்கி. அது போதும்," என்றார் அண்ணை. "போ, அக்கா கிழங்கோட நிக்கிறா. நெருப்பைப் பத்த வை."

போய்ப் பற்ற வைத்தேன்.